கடிவாய்

வெர்செல்லி. பேராயர் இல்லம், இரண்டாம் மாடி.
முப்பத்தொன்றாம் சாட்சி நான்.
பெயர் கௌதென்சியோ ரஸ்தெல்லி, வயது ஐம்பத்தெட்டு,
தொழில் அரிசி ஆலையில் மூட்டை எடை குறிப்பது.
வேதப் புத்தகத்தில் கை வைக்கச் சொன்னீர்கள், வைத்தேன்.
தவிடு ஒட்டியிருந்தால் மன்னியுங்கள்.

அற்புதம் ஏதும் கண்டாயா என்கிறீர்கள்.
இல்லை, சுவாமி.
எவாசியோ சாமி நீர்மேல் நடந்து நான் பார்த்ததில்லை.
சேசியா ஆறு கரை உடைத்த வருடம்
எங்களைப் போல அவரும் இடுப்பளவு சேற்றில் நின்று
பள்ளிக்கூட பெஞ்சுகளைத் தூக்கி வெளியே போட்டார்.
முதுகு பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுத்தார்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: கோபம் வரும் அவருக்கு.
ஒருமுறை மைக்கூட்டைச் சுவரில் எறிந்தார்.
நாங்கள் மூச்சுவிடவில்லை.
அங்கியைத் தூக்கிச் செருகி, முழங்காலிட்டு, அவரே துடைத்தார்.
கறை போகவில்லை. போய்ப் பாருங்கள்,
ஜன்னலுக்கு இடப்புறம்.

நான் அங்கே வந்தது திருட.
பதினொரு வயது.
வரால்லோவுக்கு மேலே மலையிலிருந்து
சாந்துச் சட்டி சுமக்க ஒரு கொத்தனாரோடு இறங்கினேன்.
அவர் சாரத்திலிருந்து விழுந்தார்.
என் கூலியும் அவரோடு குழிக்குள் போயிற்று.
கோயிலின் பின்னறையில் மெழுகுவர்த்தித் துண்டுகள் இருக்கும்,
உருக்கி விற்றால் ஒரு வாரக் கஞ்சி.
இருட்டில் ஒரு கை என் தோளைத் தொட்டது.
கடித்தேன்.
எலும்பு பல்லில் இடறும்வரை கடித்தேன்.

கோயில்பிள்ளை பிரம்போடு ஓடிவந்தார்.
சாமி அவரிடம் கேட்டது விளக்கு மட்டும்.
என்னைப் பார்த்து,
"வாயைக் கொப்பளி, மை கசக்கும்" என்றார்.
அப்போதுதான் உறைத்தது,
நாக்கில் ரத்தத்தோடு வேறொன்றும் இருப்பது.

மறுநாள் அந்தக் கை ரொட்டி மாவாய் உப்பிவிட்டது.
கரும்பலகை. நாற்பது பையன்கள்.
"எழுதுகிற கையைத் தின்றவன் எங்கே?
அந்த வேலையை இனி அவன்தான் பார்க்க வேண்டும்."
எனக்கு எழுத்தே தெரியாது என்றேன்.
"என் இடது கைக்கும்தான் தெரியாது.
வா, மூன்று பேரும் கற்றுக்கொள்வோம்."

சுண்ணாம்புக் கட்டியை நான் பிடித்தேன்,
என் கைமேல் அவருடைய இடது கை.
முதல் எழுத்து உடைந்த ஏணிபோல் வந்தது.
பையன்கள் சிரித்தார்கள். அவர் எல்லாரையும்விட உரக்க.
குளிர்காலம் முழுக்க அப்படித்தான்.
எது அவர் கோணல், எது என் கோணல் என்று
பிறகு எங்களுக்கே தெரியாமல் போயிற்று.

ஆகவே, நீங்கள் உயர்த்திப் பிடித்திருக்கும் கடிதம்.
ரொட்டிக்கடை பினோல்தோவிடம்
நூறு ரொட்டி கடன் கேட்பது.
போலி என்கிறீர்கள்.
சாமியின் எழுத்து வலப்பக்கம் சாயும், இது இடப்பக்கம்.
உண்மைதான். அவர் எழுதவில்லை.
சொன்னது அவர், எழுதியது நான்.
'ரொட்டி'யில் ஓர் எழுத்து விட்டிருக்கும், பாருங்கள்.
அவர் கவனித்தார், திருத்தவில்லை.
"பினோல்தோவுக்கு வாசிக்கத் தெரியாது,
நீயே கொண்டுபோய்ப் படித்துக் காட்டு" என்றார்.
படித்தேன். விட்ட எழுத்தையும் சேர்த்துப் படித்தேன்.
பினோல்தோ என் சட்டையைப் பார்த்தார்,
எண்பது கொடுத்தார்.

அடுத்த மாதம் கல்லறையைத் திறப்பீர்களாம்.
வலது கை, கட்டைவிரலுக்குக் கீழே.
தோல் மிஞ்சியிருந்தால் பிறைபோல் ஒரு தழும்பு தெரியும்.
ஜனங்கள் முத்தமிட வரிசையில் நிற்பார்கள்,
அது என்னவென்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.
சந்தேகமென்றால் இதோ, என் மேல்வரிசையில் ஒரு பல் கோணல்,
ஒத்துப்பாருங்கள்.

வேறு கேள்வி இல்லையா?
எங்கே கையொப்பமிட வேண்டும், இங்கேயா?
என்ன சுவாமி,
கடிதத்தையும் இதையும் மாறி மாறிப் பார்க்கிறீர்கள்?
சொன்னேனே.
மணலைத் தூவுங்கள் முதலில்,
ஈரமாக இருக்கிறது.